டெம்ப்ஸ்டர் சாலையில் இறங்கப்போகும் புதிய அணிகளுக்கு ஒரு திறந்த மடல்

கனடா, அலாஸ்கா வழியே நெடுந்தூரம் ஓடும் ஆல்கன் 5000 கார் ராலிக்கு முதன்முறை பெயர் கொடுத்திருக்கும் ஓட்டுநர்களுக்கும், பக்கத்தில் அமர்ந்து வழியும் நேரமும் கணக்கிடும் நேவிகேட்டர்களுக்கும் வணக்கம்.

எஞ்சினுக்கும் கூடுதல் விளக்குகளுக்கும் ஒதுக்கிய பணத்தை டயர் பக்கம் திருப்புங்கள் என்று கேட்கவே இந்த மடல். இது வேகப் பந்தயம் அல்ல. சொன்ன சராசரி வேகத்தில், சொன்ன நொடியில் செக்பாயின்டை, அதாவது நேரம் குறிக்கும் இடத்தை, தொட வேண்டும். முந்தினாலும் பிந்தினாலும் புள்ளி போகும்.

கனடாவின் யூகானில் டாசன் நகருக்கு அருகே பிரிந்து, ஆர்க்டிக் வட்டத்தைத் தாண்டி இனுவிக் வரை சுமார் 740 கி.மீ. போகிறது டெம்ப்ஸ்டர். 1979-இல் திறந்தார்கள். அடியிலுள்ள உறைமண் உருகாதபடி தடிமனாகச் சரளை கொட்டி உயர்த்திய சாலை. அதில் கிடக்கும், தகடு தகடாக உடையும் ஷேல் கல் கத்தி போலக் கிழிக்கும். டயரின் ஓடுபரப்பில் ஓட்டை விழுந்தால் பஞ்சர் குச்சி செருகிப் போய்விடலாம். பக்கச்சுவர் கிழிந்தால் அந்த டயர் அவ்வளவுதான். ஆகவே பத்து பிளை (பத்து அடுக்குக்கு நிகரான வலுவுள்ள) டயர்கள், ரிம்மோடு முழு அளவு ஸ்டெப்னி இரண்டு. ஒல்லியான தற்காலிக ஸ்டெப்னியை நம்பி வராதீர்கள். சரளையில் காற்றைக் கொஞ்சம் குறைப்பது நல்லது. அதிகம் குறைத்தால் பக்கச்சுவர் பிதுங்கிக் கல்லுக்கு இரையாகும். திடீர் பிரேக்கும் திடீர் ஆக்ஸிலரேட்டரும் டயரைத் தின்னும்.

டயரோ காற்றழுத்தமோ மாறினால் தூரம் காட்டும் ஓடோமீட்டரின் கணக்கும் மாறும். மணிக்கு 72 கி.மீ. என்றால் நொடிக்கு 20 மீட்டர். அரை சதவீதப் பிழை 40 கி.மீ.-இல் 200 மீட்டர், அதாவது 10 நொடி. சரளையில் பிடிப்பின்றி வீணாகச் சுழலும் சக்கரம் தூரத்தைக் கூட்டிக் காட்டும் என்பதால், முன் சக்கரங்களை மட்டுமோ பின் சக்கரங்களை மட்டுமோ எஞ்சின் இயக்கும் காரில் தூரம் அளக்கும் சென்சாரை எஞ்சின் இழுக்காத சக்கரத்தில் பொருத்துங்கள்.

தூசி அடங்கச் சாலையில் தெளிக்கும் கால்சியம் குளோரைடு உப்பு மழையில் மண்ணோடு கலந்து வழுக்கும் சேறாகும். அது ரிம்மின் உட்புறத்தில் அப்பிக் காய்ந்தால் ஸ்டியரிங் நடுங்கும். அலைன்மென்ட் போய்விட்டதென்று பதற வேண்டாம்; முதலில் குச்சியால் சேற்றைச் சுரண்டுங்கள். பின் விளக்குகளை ஒவ்வொரு நிறுத்தத்திலும் துடையுங்கள்.

சாலைத் தொடக்கத்திலிருந்து, அடுத்து பெட்ரோல் கிடைக்கும் ஈகிள் பிளெயின்ஸ் 369 கி.மீ. லிட்டருக்கு 12 கி.மீ. தரும் வண்டிக்குக் கணக்குப்படி 31 லிட்டர். சேற்றுக்குக் கால் பங்கு கூட்டினால் 39. தொடக்கத்திலேயே டாங்கை நிரப்புங்கள், 20 லிட்டர் கேன் ஒன்றும் கூட வரட்டும்.

எதிரே லாரி வந்தால் வேகத்தைக் குறைத்து வலப்பக்கம் ஒதுங்குங்கள், ஆனால் ஓரம் வரை போகாதீர்கள். மண் சரிந்து வண்டி பள்ளத்தில் இறங்கும். கரிபூ மான்கள் கடந்தால் நில்லுங்கள். நொடிகள் போனால் போகட்டும். பீல், மெக்கென்சி ஆறுகளில் பாலம் இல்லை; கோடையில் வண்டியை ஏற்றிச் செல்லும் படகுதான். அங்கே காத்திருக்கவும் நேரம் வையுங்கள்.

புறப்படுமுன் ஒரு சரளைத் தரையில் சக்கரத்தைக் கழற்றி மாட்டிப் பாருங்கள். ஜாக்கி புதையும்; அடியில் வைக்கக் கெட்டியான பலகை ஒன்று வேண்டும். மாட்டிய சக்கரத்தின் நட்டுகளை 50 கி.மீ. ஓடியபின் மறுபடி முடுக்குங்கள்.