பூக்கும் வாரத்தைக் கணக்கில் எடுங்கள்: பெரியாறு – வைகை ஆயக்கட்டு விவசாயிகளுக்கு ஒரு திறந்த மடல்

வாடிப்பட்டி, மேலூர், திருமங்கலம் வட்டங்களின் ஆயக்கட்டுதாரர்களுக்கும் (அணைத் தண்ணீரில் பாசனம் பெறும் நிலக்காரர்களுக்கும்) பாசன சங்கப் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

தண்ணீர் திறப்பைப் பற்றிப் பேசக் கூடும் இடங்களில் அண்மைக் காலமாக வேறொரு விவாதமும் சேர்ந்துகொள்கிறது. காற்றில் கரியமில வாயு கூடுவது பயிருக்கு நல்லதுதான், அதுவே பயிரின் உணவு, நெதர்லாந்தில் பசுமைக்குடிலுக்குள் காசு கொடுத்து அதைச் செலுத்துகிறார்கள் என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். பருவம் தவறிய மழைக்கும் கதிரில் விழும் பதருக்கும் அந்த வாயுவே காரணம், இனி நெல் போட்டுப் பயனில்லை என்று மற்றொரு சாரார் சொல்கிறார்கள். இரு சாராரும் உரக்கப் பேசுவதில் குறை வைக்கவில்லை. ஆனால் விளைச்சல் எந்த வாரத்தில் தீர்மானமாகிறது என்ற கேள்வி இந்தச் சத்தத்தில் விடுபட்டுப் போகிறது. அதைப் பற்றியே இம்மடலை எழுதுகிறேன்.

முதல் சாரார் சொல்வதில் உண்மை இருக்கிறது. தொழிற்புரட்சிக்கு முன் காற்றின் பத்து லட்சம் பங்கில் ஏறத்தாழ 280 பங்காக இருந்த கரியமில வாயு, ஹவாய்த் தீவின் மௌனா லோவாவில் 1958இல் தொடர்ந்து அளக்கத் தொடங்கியபோது 315 பங்காக இருந்தது. இன்று 420ஐத் தாண்டிவிட்டது. நெல்லின் இலையில் இந்த வாயுவைப் பிடித்துச் சர்க்கரையாக்கும் நொதி, இடையிடையே ஆக்சிஜனைத் தவறாகப் பிடித்து உழைப்பை வீணாக்கும் இயல்புடையது. வாயு கூடக் கூட அந்த வீண் குறைகிறது. ஜப்பானில் 1998 முதலும் பின்னர் சீனாவிலும் திறந்த வயலைச் சுற்றிக் குழாய் பதித்து, 200 பங்கு கூடுதலாக வாயுவைச் செலுத்திப் பார்த்த ஆய்வுகளில், பல ரகங்களின் விளைச்சல் 10 முதல் 15 சதவீதம் வரை உயர்ந்தது. வீரிய ஒட்டு ரகங்களில் அதற்கு மேலும் உயர்ந்தது. நடவு வயலில் நம்மைப் படுத்தும் குதிரைவாலிப் புல்லுக்கு இந்த லாபம் அவ்வளவாகக் கிடைப்பதில்லை என்பதையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும்.

ஆனால் அதே காரணத்தால், நாம் பயிரிடும் குதிரைவாலிக்கும் சோளம், கம்பு, மக்காச்சோளம், கரும்பு ஆகியவற்றுக்கும் அந்த லாபம் மிகச் சிறிது. இவற்றின் இலை வாயுவைத் தானே செறிவாக்கி அந்த நொதியிடம் சேர்த்துவிடுவதால், வெளியே கூடுவதும் குறைவதும் பெரிய பொருட்டல்ல. வறட்சிக் காலத்தில் ஓரளவு தண்ணீர் மிச்சமாகும், அவ்வளவுதான். பேரையூர், உசிலம்பட்டி, டி.கல்லுப்பட்டிப் பக்கம் மானாவாரியாகச் சிறுதானியமும் மக்காச்சோளமும் போடுகிறவர்களிடம் "பயிருக்கு நல்லதுதானே" என்று சொல்வதில் பொருளில்லை. நெதர்லாந்தின் உதாரணமும் இங்கே நிற்காது. அங்கே வாயுவோடு வெப்பம், தண்ணீர், உரம் அனைத்தும் விவசாயியின் கைக்குள் இருக்கின்றன. நம் கையில் இருப்பது மதகு திறக்கும் தேதியும் யூரியா மூட்டையும்தான், அவையும் எப்போதும் இருப்பதில்லை.

நெல் விவசாயி இந்த லாபத்தை ஒருமுறை மூட்டைக் கணக்கில் போட்டுப் பார்க்கலாம். காற்றில் வாயு இப்போது ஆண்டுக்கு ஏறத்தாழ இரண்டரைப் பங்கு கூடுகிறது; அந்த வேகத்தில் 200 பங்கு கூட 80 ஆண்டுகள் ஆகும். ஏக்கருக்கு 30 மூட்டை எடுக்கும் வயலில் 10 முதல் 15 சதவீதம் என்றால் 3 முதல் நாலரை மூட்டை வரை. அதாவது இரண்டு மூன்று தலைமுறைக்குப் பரவி வரப்போகும் நாலு மூட்டையை வைத்து, இந்த ஆண்டின் மகசூலைப் பற்றி நாம் வாதாடிக்கொண்டிருக்கிறோம்.

அந்த நாலு மூட்டையைப் பூக்கும் பருவத்தின் ஒரே வெயில் வாரம் எடுத்துக்கொண்டு போய்விடும். நெற்பூ காலை ஒன்பது மணி அளவில் திறந்து நண்பகலுக்குள் மூடிக்கொள்கிறது. அந்த நேரத்தில் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால் மகரந்தப் பை சரியாக வெடிக்காமல், மணி பிடிக்காத பதர் கூடுகிறது. வாயு கூடினால் இலைத்துளைகள் சற்றே மூடி நீராவிப்போக்கு குறைவதைத் தண்ணீர் மிச்சம் என்று பாராட்டுகிறோம். ஆனால் வியர்க்காத உடம்பு சூடேறுவதுபோல் கதிரின் வெப்பமும் அதனால் சற்று ஏறுகிறது என்பதைச் சேர்த்துச் சொல்வதில்லை.

பகலை விட இரவு என்னை அதிகம் யோசிக்க வைக்கிறது. பிலிப்பைன்ஸில் லாஸ் பானோஸ் என்னும் ஊரில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில், தண்ணீருக்கும் உரத்துக்கும் குறைவில்லாத வயல்களின் 1992 முதல் 2003 வரையிலான மகசூலை வெப்பநிலையோடு ஒப்பிட்டு 2004இல் வெளியிட்டார்கள். வறண்ட பருவப் பயிரில் இரவின் குறைந்தபட்ச வெப்பம் ஒரு டிகிரி கூடினால் விளைச்சல் 10 சதவீதம் குறைந்திருந்தது. பகலில் சேர்த்த மாவுச்சத்தைப் பயிர் இரவில் சுவாசித்தே செலவழித்துவிடுவது இதற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று. பால் பிடிக்கும் பருவத்தில் இரவு வெக்கையாக இருந்தால் அரிசியில் வெண்பொட்டு விழுந்து, ஆலையில் நொய்யாக உடைகிறது. எடையில் தப்பித்த நெல் விலையில் அடிபடுகிறது. 1901 முதல் 2018 வரை இந்தியாவின் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 0.7 டிகிரி உயர்ந்திருப்பதாக மத்திய புவி அறிவியல் அமைச்சகத்தின் 2020ஆம் ஆண்டு அறிக்கை சொல்கிறது. 80 ஆண்டு லாபத்தையும் ஒரு டிகிரி நஷ்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

சத்தைப் பற்றி ஒரு சொல் போதும். சீனா, ஜப்பான் வயல்களில் 18 நெல் ரகங்களைச் சோதித்து 2018இல் வெளியான ஆய்வில், கூடுதல் வாயுவில் விளைந்த அரிசியில் புரதம் சுமார் 10 சதவீதமும் இரும்பு 8 சதவீதமும் துத்தநாகம் 5 சதவீதமும் குறைந்திருந்தன. மூன்று வேளையும் சோறு உண்ணும் வீடுகளுக்கு இது சிறிய செய்தியல்ல.

இரண்டாம் சாராருக்கும் நான் சொல்ல வேண்டியது இருக்கிறது. நெல்லை விட்டுவிடுவதற்கான காரணம் இதில் எங்கும் இல்லை. நாளைப் பார்த்து நட வேண்டியதற்கான காரணம்தான் இருக்கிறது. கள்ளந்திரி வரையிலான 45,041 ஏக்கர் இருபோகத்தில், ஜூன் தொடக்கத்தில் தண்ணீர் கிடைத்துக் குறுகிய கால ரகம் நட்டால், கதிர் வெளிவருவது ஆகஸ்ட் கடைசியையும் செப்டம்பரையும் ஒட்டி அமைகிறது. மதுரையின் பகல் வெப்பம் அப்போதும் 35 டிகிரியைச் சுற்றியே நிற்கிறது. திறப்பு தள்ளிப்போய்ப் பூப்பு அக்டோபர் பிற்பகுதியில் விழுந்தால், வெயிலுக்குப் பதில் வடகிழக்குப் பருவமழை மகரந்தத்தைக் கழுவுகிறது. மேலூர், திருமங்கலம் ஒருபோகத்தின் 1,05,002 ஏக்கரில் செப்டம்பரில் தண்ணீர் வந்தால் மார்கழிக் குளிரில் பூக்கிறது. நெல்லுக்கு நம் பகுதியில் அதைவிட நல்ல காலம் கிடையாது. கிணற்றை நம்பித் தை மாதத்துக்குப் பின் கோடை நெல் நடுகிறவர்கள்தாம் பூப்பைக் கொண்டுபோய்ப் பங்குனி, சித்திரை வெயிலில் நிறுத்துகிறார்கள்.

நீர் தேங்கிய நெல் வயலிலிருந்து புவியைச் சூடேற்றும் மீத்தேன் வாயு வெளியேறுகிறது என்ற பேச்சு வந்தால் நம்மில் பலருக்குக் கோபம் வருகிறது. ஊரெல்லாம் எரித்த நிலக்கரிக்கு நெல் வயலைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதா என்ற கேள்வி நியாயமானதுதான். ஆயினும் காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் கட்டினால் மீத்தேன் பாதியளவு வரை குறைவதோடு, மிச்சமாகும் தண்ணீர் கடைமடைக்குப் போகிறது. இப்படிக் குறைக்கும் வாயுவுக்குப் பணம் தரும் கார்பன் கிரெடிட் என்று ஒப்பந்தத்தோடு வருகிறவர்கள் பணம் தந்தாலும் தராவிட்டாலும் அந்தத் தண்ணீர் நம்முடையது. துளையிட்ட குழாயை வயலில் இறக்கி, நீர்மட்டம் தரைக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கும்வரை காய விடலாம்; பூக்கும் வாரத்தில் மட்டும் காய விடாமல் நீர் நிறுத்த வேண்டும். முறை வைத்துத் தண்ணீர் விடும்போது அந்த வாரம் முறைக்குள் வருகிறதா என்பதை எந்தச் சங்கமும் கேட்டு நான் பார்த்ததில்லை.

ஆகவே அடுத்த திறப்புக்கு முன் ஒவ்வொரு சங்கமும் ஒரு நோட்டுப் போட வேண்டுகிறேன். மடைவாரியாக நட்ட தேதி, பாதிக் கதிர் வெளிவந்த தேதி, ரகம், அந்த வாரத்தின் காலை பத்து மணி வெப்பம், விடியற்காலைக் குறைந்தபட்ச வெப்பம், அறுவடையில் தூற்றி எடுத்த பதரின் எடை ஆகியவற்றை அதில் குறியுங்கள். விமான நிலையத்து அளவு மதுரைக்குப் பொருந்தலாம்; நான்கு பக்கமும் நீர் நிற்கும் வயலுக்கு நம் வெப்பமானிதான் பொருந்தும். அந்த நோட்டோடு போனால்தான் தண்ணீர் வேண்டும் என்பதோடு நிற்காமல், எந்த வாரத்தில் எத்தனை நாள் முறை வேண்டும் என்றும், காலையில் முன்னதாகவே பூக்கும் தன்மையை ஏற்றி உருவாக்கப்படும் ரகங்களை நம் மண்ணில் எப்போது சோதித்துத் தருவீர்கள் என்றும் கேட்க முடியும். முதல் நோட்டை எங்கள் மடையில் தொடங்குகிறோம். பிற மடையினர் எந்தத் தேதிகளைக் குறிக்கப் போகிறீர்கள் என்பதை நாற்றங்கால் விடுமுன் தெரிவித்தால், எல்லோரும் ஒரே முறையில் எழுதலாம்.

இப்படிக்கு,
மேலூர் வட்டத்து ஒருபோக ஆயக்கட்டு விவசாயி ஒருவர்