ஆட்டைத் திவசம் முடியும் மட்டுமாவது பொறுங்கோ

ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் பத்திரிகை வந்தால் எங்கள் வீட்டில் முதலில் பிரிப்பது மரண அறிவித்தல் பக்கத்தைத்தான். யாழ்ப்பாணத்தில் இது ஒன்றும் புதினமில்லை. போன வருடம் அந்தப் பக்கத்தில் என் கணவரின் படமும் வந்தது. பிள்ளைகளின் பெயர்களுக்குப் பக்கத்தில் கனடா, பிரான்ஸ் என்று அடைப்புக்குறிக்குள் இருந்தது. என் பெயர் 'அன்புக் கணவரும்' என்பதற்கு முன்னால் வந்து அதோடு நின்றுவிட்டது. இதைக் குறையாகச் சொல்லவில்லை, அறிவித்தல் எழுதும் முறையே அதுதான். நான் எழுத வந்தது அதற்குப் பிறகு நடந்தவற்றைப் பற்றி.

அவர் தபாலதிபராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றும் ஊருக்கு அவர் போஸ்ட்மாஸ்டர்தான். நான் போஸ்ட்மாஸ்டர் வீட்டு அக்கா. முப்பது வருடத்துக்கு மேல் கோண்டாவிலில் என்னை அப்படித்தான் தெரியும். எனக்கும் அது பிடித்திருந்தது.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்குக் கீரிமலைக்குப் போய் வந்து, மத்தியானப் பந்தியும் முடிந்து, அவர் நினைவாக அச்சிட்ட கல்வெட்டுப் புத்தகமும் கொடுத்தாயிற்று. வந்தவர்கள் வெளிக்கிட்ட கையோடு உறவினர் ஒருவர் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு என்னோடு கதைக்க இருந்தார். "தங்கச்சி, நீ இனித் தனிய. காணியைப் பிள்ளையளின்ரை பேருக்கு எழுதிப்போட்டு, நீ இருக்கும் மட்டும் அனுபவிக்கிற சீவிய உருத்தை வைச்சுக்கொள். நான் உறுதி எழுதிற நொத்தாரிசோடை கதைச்சிட்டன்." பிள்ளைகள் அப்படி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் தானாகவே பொறுப்பெடுத்துக்கொண்டார். கெட்ட மனிதர் இல்லை, செத்தவீட்டுக்குப் பந்தல் போட்டதிலிருந்து எல்லாவற்றுக்கும் ஓடித்திரிந்தவர் அவர்தான்.

அந்தக் காணி என் சீதனம். 1995 ஒக்டோபர் 30 இரவு போருக்குப் பயந்து வலிகாமமே எழும்பி நடந்தபோது, அதன் உறுதிப் பத்திரத்தைப் பிஸ்கற் ரின்னுக்குள் வைத்து, நாவற்குழிப் பாலத்தை நெருக்குப்பட்டுக் கடந்து சாவகச்சேரி மட்டும் சுமந்தவள் நான். ஆனால் அதை விற்கவோ நன்கொடையாக எழுதவோ நான் நினைத்திருந்தால் என் கையெழுத்து மட்டும் போதாது. ஒல்லாந்தர் காலத்தில் 1707இல் எழுத்தில் தொகுக்கப்பட்ட, யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையும், அதன்மேல் வந்த 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டமும் எங்களை ஆளுகின்றன. மணமான பெண் தன் சொந்தக் காணியைக் கைமாற்றுவதற்குக் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். நகையை விற்கலாம், மரணசாசனம் எழுதலாம். காணியை உயிரோடிருக்கையில் எழுதிக் கொடுப்பதென்றால் அவரும் சம்மதித்துக் கையெழுத்து வைக்க வேண்டும். அவர் ஒருநாளும் மறுத்திருக்க மாட்டார் என்பது வேறு கதை.

அவர் கண்ணை மூடியதும் சட்டம் என்னைத் தனி ஆளாக்கிவிட்டது. இனி என் கையெழுத்து ஒன்றே போதும். அந்த உரிமை என் கைக்கு வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது, அதற்குள் அதைப் பாவித்து முடித்துவிடச் சொல்லி வீட்டுக்குள் ஆள் வந்து இருக்கிறது! நன்கொடை உறுதியை எழுதிவிட்டால் பிறகு மனம் மாறினாலும் இலேசில் திருப்ப முடியாது. மீளப்பெற முடியாத உறுதியென்றால், வாங்கியவர் கொடிய நன்றிகேடு செய்தாரென்று 2017ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும். எந்தத் தாய் தன் பிள்ளைக்கு எதிராக அப்படி வழக்குக்குப் போவாள்?

முதல் மாதங்களில் நான் யார் என்ன சொன்னாலும் தலையாட்டுகிற நிலையில்தான் இருந்தேன். தேத்தண்ணி தந்தால் குடிப்பேன், தராவிட்டால் கேட்கமாட்டேன். அப்போது கையெழுத்துப் போட்டிருக்கக்கூடியவளும் இன்று இதை எழுதுகிறவளும் ஒரே ஆள் என்று எனக்கே நம்பிக்கையில்லை. கிணற்று மோட்டர் காற்றுப் பிடித்துத் தண்ணீர் ஏறாமல் நின்றால், முன்பெல்லாம் குசினிக்குள் இருந்து "தண்ணி வரேல்லை" என்று சத்தம் போடுவதோடு என் வேலை முடிந்தது. இப்போது மேலே உள்ள மூடியைக் கழற்றி, செம்பால் தண்ணீர் வார்த்து, குமிழி அடங்கும் மட்டும் பார்த்திருந்து, மூடியை இறுக்கிப்போட்டு சுவிட்சைப் போடுகிறேன். முதல் தடவை தண்ணீர் ஏறியதும் அதை உடனே அவரிடம் சொல்ல வேண்டும் போல இருந்ததுதான் கொடுமை. கரண்ட் பில் இன்னும் அவர் பெயரில் வருகிறது, மாற்ற மனம் வரவில்லை. அவருடைய ஓய்வூதியத்தில் எனக்கு வரும் பங்குக்காக, நான் உயிரோடு இருக்கிறேன் என்று வருடாவருடம் விதானையார், அதாவது கிராம அலுவலர், உறுதிப்படுத்த வேண்டும். அவர் சிரித்துக்கொண்டே கையெழுத்து வைப்பார், நானும் சிரிப்பேன். மகன் வட்ஸ்அப்பில் "அம்மா, இங்கை வந்திடுங்கோ" என்கிறான். போவேனோ தெரியாது. போனால் அங்கே நான் வேறு யாரோ ஆவேன், அதற்கும் காலம் வேண்டும்.

காணியில் அவசரப்படுகிற அதே ஊர், மற்றவற்றிலும் என்னைக் கேட்காமல்தான் தீர்மானிக்கிறது. பக்கத்து வீட்டுச் சாமத்தியவீட்டில் ஆலாத்திக்கு ஆட்களைக் கூப்பிட்டபோது, நான் எழும்பக்கூடும் என்று பயந்தோ என்னவோ, ஒருத்தி என் மடியில் தன் குழந்தையை இருத்திவிட்டுப் போனாள். பிள்ளை நல்ல பிள்ளை, அதில் குறையில்லை. மனைவியை இழந்த ஆண்கள் முன்வரிசையில் சால்வையோடு இருந்தார்கள். எனக்குத் தெரிந்த ஒரு அம்மா இப்படியான இடங்களுக்குப் போவதைத் தானே விட்டுவிட்டார். அது அவர் விருப்பம். என் விருப்பத்தையும் என்னிடம் கேட்டால் என்ன?

எங்கள் பெரியவர்கள் இதற்கெல்லாம் ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். ஆட்டைத் திவசம், அதாவது முதலாம் வருடத் திவசம், முடியும் மட்டும் வீட்டில் நல்ல காரியம் வைப்பதில்லை, பொங்குவதில்லை, தீபாவளிக்குப் பலகாரம் சுடுவதில்லை. பலகாரத்துக்கு ஒரு வருடம் பொறுக்கிற சனம் உறுதி எழுத அதே ஒரு வருடம் பொறுக்காதா? உறவினரிடம் நான் சொன்னதும் அதுதான். "அண்ணை, ஆட்டை முடியட்டும்." வழக்கத்தைச் சொன்னதால் அவருக்கு மறுத்துப் பேச வாயில்லை.

நொத்தாரிசுமாருக்கு ஒரு வேண்டுகோள். அண்மையில் கணவரை இழந்த பெண்ணை உறவினர் காரில் கூட்டிக்கொண்டு வந்தால், கூட வந்தவர்களை வெளியே இருத்திவிட்டு அவளோடு தனியக் கதையுங்கள். எழுதினால் என்ன ஆகும், எழுதாமல் விட்டால் என்ன ஆகும் என்று விளங்கப்படுத்துங்கள். அவசரமில்லை, அடுத்த வருடமும் வரலாம் என்பதையும் சொல்லுங்கள்.

நீங்களும் ஒரு சட்டத்தரணியைக் கொண்டு, சீதனம், மணவாழ்வில் சேர்த்த தேடியதேட்டம், சீவிய உருத்து பற்றிச் சாதாரண தமிழில் எழுதுவித்தால் உதவியாயிருக்கும். மரண அறிவித்தலுக்குப் பக்கத்தில் போட்டால் எல்லோரும் வாசிப்பார்கள்.

என் பெயரைத் தயவுசெய்து போட வேண்டாம். மேற்படி உறவினரும் உங்கள் வாசகர்தான்.

ஒரு வாசகி,
கோண்டாவில்.