ஸ்ரீரங்கத்து வாத்தியாருக்கு

கும்பகோணம்
மே மாதக் கடைசி

அன்புள்ள வாத்தியாருக்கு,

உன் கடிதம் நாங்கள் ஊரில் இல்லாதபோது வந்து கதவுக்கு அடியில் கிடந்தது. புனேவுக்குப் போவதா வேண்டாமா என்று மூன்று பக்கம் எழுதியிருக்கிறாய். நாள் முழுக்க நாலு சுவருக்குள் உட்கார்ந்து என்ன செய்வது, மருமகள் வேலைக்குப் போகிறவள், நாம் போனால் அவளுக்குத்தானே சுமை என்றெல்லாம். மைசூருக்குக் கிளம்பும் முன்னால் நானும் இதையேதான் சொன்னேன். உன் தங்கச்சி காதில் வாங்கவில்லை. பருப்புப் பொடி, வடாம், கை முறுக்கு, ஒரு கவுளி வெற்றிலை என்று இரண்டு பை கட்டி வைத்துவிட்டு, அப்புறம்தான் என்னை டிக்கெட் எடுக்கச் சொன்னாள்.

சாயங்காலம் இங்கே மைசூர் எக்ஸ்பிரஸில் ஏறினால் காலையில் மைசூர். திருச்சி ஜங்ஷனில் வண்டி நின்றபோது உனக்குப் போன் செய்யலாமா என்று பார்த்தேன். நீ எட்டரைக்கே படுத்துவிடுகிறவன், விட்டுவிட்டேன்.

மகள் எங்களைக் கூப்பிட்டதற்குப் பாசம் ஒரு காரணம்தான். பள்ளிக்கூடம் லீவு, அவளும் மாப்பிள்ளையும் ஆபீஸ் போகிறவர்கள், பகலில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். இதை அவளே சிரித்துக்கொண்டு சொல்லிவிட்டாள். எனக்கு அது நிம்மதியாகத்தான் இருந்தது. விருந்தாளியாகப் போனால் மூன்றாம் நாளே நமக்குக் கூச்சம் வந்துவிடும். வேலை இருந்தால் வராது. சுமை, சுமை என்று எழுதுகிறாயே, புனேயில் உன் மருமகளுக்கும் ஏப்ரல், மே வந்தால் இதே திண்டாட்டம் இருக்காதா? கேட்டுப் பார்த்தாயா?

பேத்திக்கு ஏழு வயது, பேரனுக்கு நாலு. முதல் இரண்டு நாள் பையன் என் பக்கமே வரவில்லை. போனில் பார்க்கிற தாத்தா வேறு, நேரில் மூக்குப்பொடி வாசனையோடு நிற்கிற தாத்தா வேறு போலிருக்கிறது. மூன்றாம் நாள் செவ்வாய்க்கிழமை. மிருகக்காட்சிசாலைக்குப் போகலாம் என்று நானே பெரிய மனுஷன் மாதிரி ஆட்டோ பிடித்து இரண்டு பேரையும் அழைத்துப் போனேன். செவ்வாய்க்கிழமை விடுமுறையாம். 1892-இல் ஆரம்பித்த இடம், வாசலில் போர்டே வைத்திருக்கிறார்கள். யாரையாவது கேட்டுவிட்டுக் கிளம்பியிருக்கலாம். பூட்டின கேட்டுக்கு முன்னால் நின்று பையன் போட்ட கூச்சலில் ரோடே திரும்பிப் பார்த்தது. கடைசியில் ரயில் மியூசியத்துக்குப் போனோம். ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பழைய நீராவி இஞ்சின்கள், மகாராணி போன சலூன் பெட்டி, பிள்ளைகளுக்குச் சின்ன ரயில். அதில் நாலு தடவை சுற்றினதும்தான் பையன் என் விரலைப் பிடித்தான்.

புதன்கிழமை மறுபடி மிருகக்காட்சிசாலை. அங்கே எனக்கு ஒரு பாடம் நடந்தது. புலியைக் காட்டி 'புலி' என்றேன். பேத்தி 'ஹுலி' என்று திருத்தினாள். கன்னடத்தில் அப்படித்தானே. பால் ஹாலு, பூ ஹூவு, பாம்பு ஹாவு, பல் ஹல்லு என்று நான் அடுக்கிக் காட்டினேன், பழைய 'ப' எல்லாம் அங்கே 'ஹ' ஆகிவிட்டது என்று. சொல்லாமல் இருந்திருக்கலாம். அன்று ராத்திரியிலிருந்து உன் தங்கச்சி 'ஹாட்டி' ஆகிவிட்டாள். தட்டில் 'ஹருப்புப் பொடி'. தண்ணீர் கேட்கும்போது மட்டும் 'நீரு' என்கிறது. நாம் பேச்சில் விட்டுவிட்ட சொல் அந்தப் பக்கம் சுற்றிக்கொண்டு பேத்தி வாய் வழியாக வருகிறது.

ஞாயிற்றுக்கிழமைகளில் மகளும் மாப்பிள்ளையும் வந்தார்கள். அரண்மனையை ஞாயிறு ராத்திரி விளக்கேற்றிக் காட்டுகிறார்கள், ஏறக்குறைய ஒரு லட்சம் பல்பு. பிருந்தாவன் தோட்டமும் போனோம். இரண்டையும் நீ காலண்டரில் பார்த்திருப்பாய், போதும்.

சோமநாதபுரம் அப்படி இல்லை. 1258-இல் ஹொய்சளர் காலத்தில் சோமநாதன் என்ற தண்டநாயகன், அதாவது படைத்தளபதி, கட்டின கேசவர் கோயில். மூன்று கருவறை, நட்சத்திரம் மாதிரி மடங்கி மடங்கிப் போகிற சுவர். பூஜை கிடையாது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில், செருப்பை வெளியே விட வேண்டும். பேத்தி கல்தரையில் பரதநாட்டியம் ஆடினாள். (புத்தி வந்து இரண்டாவது சுற்றுக்கு எல்லோரும் சாக்ஸ் மாட்டிக்கொண்டோம். நீ எங்கே போனாலும் பையில் ஒரு ஜோடி வைத்துக்கொள்.) சுவரில் அடி வரிசை பூராவும் யானை. பையன் எண்ணிக்கொண்டே வந்தான். அவனுக்கு இருபது வரைதான் தெரியும், இருபது வந்ததும் மறுபடி ஒன்று. அவன் பின்னால் குனிந்து குனிந்து நடந்ததில் நானும் கோயிலை முழுசாகச் சுற்றினேன். தனியாகப் போயிருந்தால் கால் மணியில் வெளியே வந்திருப்பேன். சிலைகளுக்கு அடியில் மல்லிதம்மன் என்று ஒரு சிற்பி தன் பெயரை வெட்டி வைத்திருக்கிறான். நீயும் நானும் தாராசுரத்துக்கு எத்தனை தடவை சைக்கிளில் போயிருப்போம், செதுக்கினவன் பெயர் ஒன்று சொல்லத் தெரியுமா நமக்கு? சோமநாதபுரம் 2023-இல் பேலூர், ஹளேபீடோடு சேர்ந்து யுனெஸ்கோ பட்டியலில் ஏறியிருக்கிறது. தாராசுரத்துக்கு அது 2004-லேயே வந்தாயிற்று என்று மாப்பிள்ளையிடம் சொல்லி வைத்தேன். பெண் கொடுத்த இடத்தில் கொஞ்சம் கெத்து வேண்டாமா?

ரங்கனதிட்டுப் பறவைகள் சரணாலயத்துக்கு வாடகைக் காரில் போனோம். டிரைவர் மண்டியாக்காரர், தமிழ் ஓரளவு பேசினார். கும்பகோணம் என்றதும் கொஞ்ச தூரம் பேச்சே இல்லை. எனக்கும் ஒரு மாதிரி ஆகிவிட்டது. அப்புறம் அவராகவே, 'உங்க பக்கம் இந்த வருஷம் தண்ணி எப்படி?' என்றார். ஜனவரிக் கடைசியில் மேட்டூரை மூடினதோடு சரி, ஆற்றில் பையன்கள் கிரிக்கெட் ஆடுகிறார்கள் என்றேன். அவருக்கு ஒரு ஏக்கர் கரும்பாம், விஸ்வேஸ்வரய்யா கால்வாய்ப் பாசனம். கடைமடைக்குத் தண்ணீர் எட்டுவதே இல்லை என்று அவர் புலம்பினார். பேப்பரில் நாற்பது வருஷமாக நாம் படித்த சண்டை வேறு, காருக்குள் நடந்த பேச்சு வேறு. இறங்கும்போது, அவரும் கடைமடை, நானும் கடைமடை.

ரங்கனதிட்டு காவிரிக்கு நடுவில் இருக்கிற சின்னச் சின்னத் திட்டுகள், நாற்பது ஏக்கர்தான். பறவை ஆராய்ச்சிக்காரர் சாலிம் அலி சொல்லி 1940-இல் சரணாலயம் ஆக்கினார்களாம். படகில் அழைத்துப் போகிறார்கள். மஞ்சள் மூக்கு நாரை குஞ்சுகளோடு மரம் முழுக்க இருந்தது. கரண்டிவாயன், கூழைக்கடா, பாறைமேல் வாயைத் திறந்தபடி ஒரு முதலை. பையன் முதலைக்கு டாட்டா காட்டினான். சித்திரை வெயிலில் காவிரியில் அத்தனை தண்ணீரைப் பார்த்ததில் எனக்குப் பறவை பாதி கண்ணில் படவில்லை.

பக்கத்திலேயே ஸ்ரீரங்கப்பட்டணம். அது ஆதிரங்கம், சிவனசமுத்திரம் மத்தியரங்கம், உங்கள் ஊர் கடைசி என்று அங்கே சொல்கிறார்கள். கோபித்துக்கொள்ளாதே. பெருமாள் திருவடியில் காவிரித் தாயார் உட்கார்ந்திருக்கிறாள். ஆனால் நீ பார்க்க வேண்டியது தரியா தௌலத். திப்பு 1784-இல் கட்டின தேக்குமர அரண்மனை. வெளிச்சுவரில், ஹைதரும் திப்புவும் ஆங்கிலேயரை ஜெயித்த பொள்ளிலூர்ச் சண்டையைப் படமாக எழுதியிருக்கிறார்கள். நம் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்துப் புள்ளலூர்தான், 1780. முப்பது வருஷம் நீ கரும்பலகையில் அம்புக்குறி போட்டு நடத்தினாயே, அந்தக் கர்னல் பெய்லி சிவப்புச் சட்டைச் சிப்பாய்களுக்கு நடுவில் பல்லக்கில் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் நீ இல்லையே என்று இருந்தது. பேத்தியிடம் நானே கதை சொன்னேன், பாதி தப்பாக இருந்திருக்கும்.

அப்புறம் படித்துறையில் உட்கார்ந்திருந்தபோது பையன் காலை ஆட்டினான், வலது கால் செருப்பு ஆற்றில் விழுந்துவிட்டது. சிவப்பு ரப்பர் செருப்பு. எட்டிப் பிடிப்பதற்குள் நடு ஆற்றுக்குப் போய்விட்டது. அழ ஆரம்பித்தான். இந்த ஆறு நேராகத் தாத்தா வீட்டுக்குத்தான் வருகிறது, நான் பிடித்து வைக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். அழுகை நின்றது. இப்போது தினமும் ராத்திரி போன். 'வந்துச்சா?' முதல் நாள் சிவனசமுத்திர அருவியில் குதித்துவிட்டது என்றேன். அப்புறம் ஒகேனக்கல். இப்போது மேட்டூரில் நிறுத்தி வைத்திருக்கிறேன். ஜூன் 12-இல் திறந்தால் அதற்கு மேல் எனக்குச் சாக்கு இல்லை.

முக்கொம்பு தாண்டினால் உன் ஊர்தான் முதலில். அதற்குள் நீ புனே போய்விட்டால் நல்லது. ஆகாகான் மாளிகையில் கஸ்தூரிபா சமாதி இருக்கிற ஊருக்கு ஒரு சரித்திர வாத்தியார் இத்தனை வருஷம் போகாமல் இருப்பது எனக்கே வெட்கமாக இருக்கிறது. போகவில்லையென்றால் தினமும் காலையில் அம்மா மண்டபம் படித்துறையில் ஒரு பார்வை பார்த்துவை. வலது கால், சிவப்பு, ஆறாம் நம்பர்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்