முறைப்பாடு: நல்ல டிஸ்பிளேயைக் கழற்றிவிட்டு மலிவு டிஸ்பிளே போட்டுத் தந்திருக்கிறீர்கள்

வாடிக்கையாளர் சேவைப் பொறுப்பாளர் அவர்களுக்கு,

வணக்கம். போனில் கதைத்துக் களைத்துவிட்டேன். எடுக்கிற ஒவ்வொரு முறையும் புது ஆள், ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்ல வேண்டும், முறைப்பாட்டு இலக்கத்தைக் கொடுத்தாலும் "சிஸ்டத்தில ஒன்றும் காட்டேல்ல சேர்" என்கிறார்கள். தமிழுக்கு 3ஐ அழுத்தச் சொல்லிவிட்டு அரை மணித்தியாலம் பாட்டுத்தான் போகிறது. அதனால்தான் எழுத்தில் தருகிறேன், தயவுசெய்து கடைசி வரை வாசியுங்கள்.

அந்த 15.6 அங்குல லெப்டொப்பை மட்டக்களப்பு டவுனில் உங்கள் முகவரிடம் வாங்கினேன். எந்த மாடல் என்று உங்களுக்கே தெரியும், வெள்ளி நிறத்தில் வருகிற அதே சீரிஸ்தான், பில் நகல் இத்துடன் இருக்கிறது. களுவாஞ்சிகுடியில் சின்னதாக ஒரு ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். கலியாண அல்பம், சாமத்தியச் சடங்கு, கோயில் திருவிழா, இதுதான் என் வேலை. அதே கடையில் அதே புரொசசர், அதே ரேம், விலை மட்டும் ஒரு இலட்சம் குறைவாக இன்னொன்று இருந்தது. அதை விட்டுவிட்டு இதை எடுத்தது டிஸ்பிளேக்காக மட்டும்தான். ஐபிஎஸ் வகைத் திரைப் பனல், 300 நிட்ஸ் வெளிச்சம், எஸ்ஆர்ஜிபி என்கிற நிற அளவுகோலில் 100 வீதம் என்று பெட்டியில் அச்சடித்தவர்கள் நீங்கள்.

உண்மையைச் சொன்னால் முதல் மாதங்களில் எனக்கு ஒரு குறையும் இல்லை. நல்ல திரை. பிறகு ஒரு நாள் வலது பக்கத்தில் மேலிருந்து கீழாக ஒரு பச்சைக் கோடு வந்தது, கீழ் மூலையிலும் கறுப்புப் படத்தில் மஞ்சளாக வெளிச்சம் கசியத் தொடங்கியது. வொறன்டி இருந்ததால் பதறவில்லை. உங்கள் ஹொட்லைனுக்கு எடுத்தால் விண்டோஸை அழித்துத் திரும்பப் போடச் சொன்னார்கள். விண்டோஸ் தொடங்க முதல் வருகிற பயோஸ் திரையிலும் அதே கோடு நிற்கிறது, எச்டிஎம்ஐ வயரில் வெளித்திரை கொழுவினால் அங்கே கோடு இல்லை, அப்படியானால் பிழை விண்டோஸிலும் இல்லை, கிராபிக்ஸிலும் இல்லை, பனலில் அல்லது பனலுக்குப் போகிற கேபிளில் என்று நானே சொன்னேன். "இல்ல சேர், முதல்ல விண்டோஸ் போடுங்க." சரி, போட்டேன். கோடு அப்படியே நின்றது. அடுத்து வந்தவர் நீங்கள் அழுத்தியிருப்பீர்கள், அது வொறன்டிக்குள் வராது என்றார். அழுத்தி உடைந்த பனலில் கண்ணாடிக்குள் வெடிப்பு தெரியும், மை சிந்தியது போல கறுப்பு பரவும். ஒரு கீறல் கூட இல்லாமல் நேர்கோடாக ஒன்று மட்டும் நின்றால் அது விளிம்பில் இருக்கிற இணைப்பு விடுவது. இதை லெப்டொப் விற்கிற உங்களுக்கு நான் படிப்பிக்க வேண்டுமா?

முகவரிடம் கொண்டுபோனால் "நாங்க விக்கிறது மட்டும்தான் தம்பி, கொழும்புக்குத்தான் அனுப்போணும்" என்றார். அவர் மரியாதையான மனிசன், அவரில் எனக்குக் கோபமில்லை. கூரியரில் போய் வந்தது, கோடு இல்லை, சந்தோசப்பட்டேன். அந்தச் சந்தோசம் அதில் வேலை தொடங்கும் வரைக்கும்தான்.

நீங்கள் போட்டது வேறு பனல். வேறு கம்பனிப் பனல் என்பது என் பிரச்சினை இல்லை. பிஓஇ, ஏயுஓ, இனோலக்ஸ், எல்ஜி டிஸ்பிளே என்று பனல் செய்கிறவர்கள் பலர், ஒரே மாடல் லெப்டொப்புக்கு இரண்டு மூன்று இடத்தில் வாங்குவது வழமை, அது எனக்கும் தெரியும். தரம் வேறு என்பதுதான் பிரச்சினை. ஐபிஎஸ் என்றால் பக்கவாட்டில் 178 பாகை வரை நிறம் பெரிதாக மாறாது. இந்தத் திரையிலோ மூடியை இரண்டு விரல் முன்னால் சாய்த்தாலே படம் வெளுக்கிறது, பின்னால் சாய்த்தால் நிழல் பகுதி கறுத்து நிறம் தலைகீழாகிறது. இது டிஎன் என்கிற மலிவு வகைப் பனலின் குணம், சாய்த்துப் பார்த்தவுடனே தெரியும். மேசைக்கு முன்னால் பொம்பிளையின் அம்மாவும் மாமியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து பார்த்து, ஒருவர் கூறை சிவப்பு என்கிறார், மற்றவர் இல்லை தவிட்டு நிறம் என்கிறார், இரண்டு பேருக்கும் நடுவில் நான்.

என் கண்ணை நம்ப வேண்டாம். வாங்கிய முதல் வாரத்திலேயே கல்முனையில் உள்ள நண்பரின் நிறம் அளக்கும் கருவியை இரவல் வாங்கி அளந்து வைத்த கணக்கு என்னிடம் இருக்கிறது: எஸ்ஆர்ஜிபியில் 97 வீதம். அதே கருவியால் இப்போது அளந்தால் 61. பெட்டியில் 45 வீதம் என்டிஎஸ்சி (அது இன்னொரு நிற அளவுகோல்) என்று போட்டு விற்கிற மலிவு லெப்டொப் திரைகள் எஸ்ஆர்ஜிபியில் 60 சொச்சம்தான் வரும், ஆகவே எதைப் போட்டிருக்கிறீர்கள் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். விண்டோஸின் டிவைஸ் மனேஜரில், எந்தத் திரை என்று அடையாளம் காட்டுகிற ஹார்ட்வெயார் ஐடியும் மாறியிருக்கிறது. இரண்டின் படங்களையும் இணைத்திருக்கிறேன்.

இதைச் சொல்லத்தான் நேரில் வந்தேன். வரச் சொன்னது உங்கள் ஆள். அவர் சொன்ன திகதி போயா, பௌர்ணமி விடுமுறை. போயாவுக்குப் பூட்டு என்று தெரியாதா என்று என்னைக் கேட்காதீர்கள், போனிலேயே கேட்டேன், "திறந்திருக்கும், வாங்க" என்றார். கல்முனையிலிருந்து வருகிற கொழும்பு பஸ்ஸில் இரவு ஏறி, லெப்டொப் பையை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடாமல் விடிய இறங்கினால் உங்கள் சேர்விஸ் சென்டர் கதவில் பூட்டு. காவலாளி ஐயா பாவம், ஒரு பிளேன்டீ வாங்கித் தந்தார். உங்கள் கம்பனியில் எனக்கு உதவிய ஒரே ஆள் அவர்தான், அவரும் உங்கள் ஆள் இல்லையாம், வேறு பாதுகாப்புக் கம்பனியாம்.

லொட்ஜில் காசு கொடுத்துத் தங்கி அடுத்த நாள் போனேன். கவுண்டரில் கண்ணாடி போட்ட ஒரு இளம் ஆள். பெயர் அட்டையைத் திருப்பிப் போட்டிருந்தார், அதனால் பெயர் தெரியாது, ஆனால் அன்றைய டியூட்டிப் பட்டியல் உங்களிடம் இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். லெப்டொப்பைத் திறந்து ஒரு செக்கன் பார்த்தார். "படம் தெரியுதுதானே, பிறகென்ன?" என்றார். அளந்த கணக்கைக் காட்டினேன், வாங்கவே இல்லை. "இதுக்காகவா மட்டக்களப்பில இருந்து வந்தீங்க, முதல்ல கண் டொக்டரிட்ட காட்டுங்க" என்று சொல்லிப் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துச் சிரித்தார். அவரும் சிரித்தார். வரிசையில் நின்ற சனம் எல்லாம் பார்த்தது. நான் இருபது வருசமாக நிறம் பார்த்துச் சாப்பிடுகிறவன்.

கடைசியில் ஒரு தாளை நீட்டினார், திரையில் பழுதான புள்ளிகள் (பிக்சல்) பற்றிய உங்கள் கொள்கையாம். அதில் ஐஎஸ்ஓ 9241-307 என்கிற சர்வதேசத் திரைத் தரம், இரண்டாம் வகுப்பு, இத்தனை புள்ளி வரைக்கும் பழுதாகக் கணக்கெடுக்க மாட்டோம் என்று இருக்கிறது. நான் புள்ளியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லையே! புதுப் பனலில் நடுவுக்குக் கொஞ்சம் மேலே ஒரு சிவப்புப் புள்ளி அணையாமல் எரிகிறது, அது உண்மை, ஆனால் 1920க்கு 1080 என்றால் 2,073,600 புள்ளி, அதில் ஒன்று போனால் போகட்டும் என்று விட்டுவிட்டேன். நான் கேட்டது நிறம். அவர் தந்த பதில் புள்ளி.

இடையில் நடந்ததைச் சொல்ல மறந்துவிட்டேன். பனல் மாறிய விசயம் பிடிபட முதல் ஒரு கலியாண அல்பம் செய்து கொடுத்தேன். திரையில் சிவப்பு மங்கித் தெரிந்ததால் கூட்டிவிட்டேன். பிறிண்ட் வந்து பார்த்தால் மாப்பிள்ளை முகம் அவித்த இறால் மாதிரி இருக்கிறது. முழு அல்பத்தையும் என் காசில் திரும்ப அடித்தேன். அந்த வீட்டார் செட்டிபாளையத்திலிருந்து கல்லாறு வரைக்கும் சொல்லாத இடமில்லை. இருபது வருசப் பெயரை ஒரு பனலால் நாசமாக்கிவிட்டீர்கள், இந்தக் கரையோரத்தில் இனி யார் எனக்கு வேலை தரப் போகிறான்?

சரி. கோபத்தில் கூடக் கதைத்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் கம்பனி லெப்டொப் கெட்டது என்று நான் சொல்ல வரவில்லை, என் மச்சானும் இதே மாடல்தான் வைத்திருக்கிறான், அவனுடையது கழற்றப்படாதது. இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒரே படத்தைத் திறந்தால் சின்னப் பிள்ளையும் வித்தியாசம் சொல்லும். அந்த வீடியோவும் இணைப்பில் இருக்கிறது, ஒளிவு மறைவு ஒன்றும் இல்லை.

எனக்கு வேண்டியது, பெட்டியில் போட்ட தரத்துக்கே ஒரு பனல். போடுவதற்கு முன்பு அதன் பார்ட் நம்பரை எழுத்தில் தாருங்கள், நான் சரி என்ற பிறகு போடுங்கள். கழற்றிய என் பழைய பனல் எங்கே போனது என்றும் சொல்லுங்கள். அந்தப் பனல் இப்போது வருவதில்லை என்றால் காசைத் திருப்பித் தாருங்கள். பஸ் காசு, லொட்ஜ் காசு, இரண்டாம் முறை அடித்த அல்பத்தின் செலவு, பில்களோடு இருக்கிறது. லெப்டொப்பை நான் இனிக் கொழும்புக்குத் தூக்க மாட்டேன், மட்டக்களப்பு முகவரிடம் ஒப்படைப்பேன், அங்கிருந்து எடுப்பது உங்கள் வேலை.

14 நாள் பார்ப்பேன். பிறகு மட்டக்களப்பு கச்சேரிக்கு (மாவட்டச் செயலகத்துக்கு) போய் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையில் எழுத்து மூலம் கொடுப்பேன், அவர்களுடைய 1977 என்ற இலக்கத்துக்கும் போன் எடுப்பேன். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் 13ஆம் பிரிவில், கொடுத்த உத்தரவாதத்துக்கு ஒத்துவராத பொருளைப் பற்றி விசாரிக்க அவர்களுக்கு அதிகாரம் இருக்கிறது. முறைப்பாட்டை மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பதும் எனக்குத் தெரியும், ஆகவே "அடுத்த கிழமை எடுங்க, அடுத்த கிழமை எடுங்க" என்று அந்தக் காலத்தைக் கடத்தப் பார்க்க வேண்டாம். திரையைத் திருத்தி நீங்கள் தந்த ரசீதில் திகதி தெளிவாக இருக்கிறது.

அந்தக் கண்ணாடி போட்ட தம்பியை வேலையை விட்டு நிறுத்தச் சொல்லவில்லை. வயிற்றுப் பிழைப்பு. ஆனால் எனக்குப் போன் எடுத்து மன்னிப்புக் கேட்கச் சொல்லுங்கள், அல்லது அவருக்கு மேலே இருக்கிற ஆள் கேட்கட்டும். பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு எடுத்தால் நல்லது, பகலில் ஸ்டூடியோவில் ஆட்கள் இருப்பார்கள். மற்றதெல்லாம் எழுத்தில் மட்டும்.

இப்படிக்கு,
பில்லில் பெயர் உள்ள வாடிக்கையாளர்,
களுவாஞ்சிகுடி.

இணைப்பு: பில் நகல், திருத்திய ரசீது, இரண்டு அளவீடுகள், ஹார்ட்வெயார் ஐடி படங்கள், வீடியோ, செலவு பில்கள்.