ஜெனெட் கப்பலின் லாக்புக்

அன்புள்ள சேவியருக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. ஆர்க்டிக் கடல் பனி உருகுவது பற்றி நீ கேட்ட கேள்விக்கு வாய்க்கு வந்ததை எழுதிவிட மனசு வரவில்லை. கொஞ்சம் படித்துவிட்டு உட்காரலாம் என்றுதான் தள்ளிப்போட்டேன்.

முதலில் வீட்டு விஷயம். வசந்தாவுக்கு முழங்கால் வலி நன்றாகக் குறைந்திருக்கிறது, கைப்பிடியைப் பிடிக்காமலே மாடி ஏறுகிறாள். போன மாதம் மொட்டை மாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தோம். மதியம் இரண்டு மணிக்குக் கீழே படுத்துத் தூங்க முடிகிறது. பேத்தி காலேஜில் சேர்ந்துவிட்டாள், ஹாஸ்டல் சாப்பாடு பற்றித்தான் தினமும் பேச்சு. உன் மருமகன் திரும்பவும் கப்பலேறிவிட்டார் என்று எழுதியிருந்தாய். ரோஸிக்குத் தைரியம் சொல். நீ கடலில் இருந்த வருஷங்களில் உன் அம்மா தினமும் மாலையில் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது எனக்கு இன்னும் கண்ணில் இருக்கிறது.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். 1817-ல் வில்லியம் ஸ்கோர்ஸ்பி என்ற திமிங்கில வேட்டைக் கேப்டன், கிரீன்லாந்துக்குக் கிழக்கே வட அட்சரேகை 74 முதல் 80 டிகிரி வரை கடல் பனியில்லாமல் திறந்து கிடந்தது என்று லண்டனில் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் சங்கத்தின் தலைவர் ஜோசப் பேங்க்ஸுக்கு எழுதினார். ‘அப்போதே உருகியிருக்கிறது, இப்போது எதற்கு இவ்வளவு பதற்றம்?’ என்று கேட்டிருந்தாய். அவர் எழுதியது உண்மைதான். ஸ்கோர்ஸ்பி பொய் சொல்கிற ஆளும் இல்லை. ஆனால் அடுத்த வருஷம் நடந்ததையும் சேர்த்துப் பார். அந்தச் செய்தி தந்த தைரியத்தில் 1818-ல் பிரிட்டிஷ் கடற்படை டேவிட் பக்கனையும் ஜான் ஃபிராங்க்ளினையும் இரண்டு கப்பல்களோடு வடதுருவத்துக்கு அனுப்பியது. நார்வேக்கு வடக்கே இருக்கிற ஸ்பிட்ஸ்பெர்கன் தீவுக்கும் வடக்கே, 80 டிகிரியைக் கொஞ்சம் தாண்டியதும் பனி வழிமறித்தது. திரும்பிவிட்டார்கள். கிரீன்லாந்துக் கடல்தான் ஆர்க்டிக் பனி வெளியேறுகிற வாசல். காற்று ஒரு வருஷம் பனியைக் கொண்டுவந்து அங்கே குவிக்கும், ஒரு வருஷம் விட்டுவிடும். வாசலில் நின்ற ஒருவர் ஒரு கோடையில் பார்த்ததை வைத்து வீடு முழுக்கக் காலி என்று சொல்ல முடியாதல்லவா?

அப்படியானால் செயற்கைக்கோள் இல்லாத காலத்துப் பனியை எப்படித்தான் தெரிந்துகொள்வது? இதைத் தேடிப் போனபோதுதான் ஜெனெட் கப்பலின் கதையில் மாட்டிக்கொண்டேன். இரண்டு வாரமாக அதிலிருந்து வெளியே வர முடியவில்லை.

அந்தக் காலத்தில் பெரிய பெரிய புவியியல் அறிஞர்களே, விளிம்பில்தான் பனி, அதைத் தாண்டினால் துருவத்தைச் சுற்றித் திறந்த கடல் என்று நம்பினார்கள். ஜெர்மனியின் ஆகஸ்ட் பீட்டர்மன் அதில் முக்கியமானவர். பசிபிக்கின் சூடான நீரோட்டம் பெரிங் நீரிணை வழியாக உள்ளே போய் வழி திறந்து வைத்திருக்கும் என்ற நம்பிக்கையில், 1879 ஜூலையில் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து அமெரிக்கக் கடற்படையின் ஜார்ஜ் டி லாங் ஜெனெட் கப்பலில் 32 பேரோடு புறப்பட்டார். செப்டம்பரிலேயே பனி கப்பலைப் பிடித்துக்கொண்டது. 21 மாதம் அதுவே அவர்களை வடமேற்காக இழுத்துப் போனது. 1881 ஜூன் 13 அதிகாலை, நசுங்கிய கப்பல் மூழ்கியது.

மூன்று படகுகளையும் சாமான்களையும் சறுக்குவண்டிகளில் ஏற்றி, கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு சைபீரியாவை நோக்கி இழுத்தார்கள். ஒரு வாரம் தெற்கே நடந்த பிறகு டி லாங் அட்சரேகை கணக்குப் பார்த்தார். புறப்பட்ட இடத்துக்கு 40 கிலோமீட்டருக்கும் மேல் வடமேற்கே இருந்தார்கள்! இவர்கள் தெற்கே நடந்த வேகத்தைவிடக் காலடியில் இருந்த பனி வடக்கே நகர்ந்த வேகம் அதிகம். அவர் அதை இரண்டு மூன்று பேரிடம் மட்டும் சொல்லிவிட்டு, மற்றவர்களிடம் மூச்சு விடவில்லை. நீயும் கப்பலில் ஆட்களை வைத்து வேலை வாங்கியவன். அன்றைக்கு அவர் மனசு என்ன பாடுபட்டிருக்கும் என்று உனக்குப் புரியும்.

அந்த நிலைமையிலும் கப்பலின் அன்றாடக் குறிப்பேடுகளான லாக்புக்குகளை அவர்கள் விட்டுவிடவில்லை. சொந்த உடைமைகளைக் கழித்துவிட்டு நடந்தவர்கள், அந்தக் கனத்த புத்தகங்களை மூன்று மாதம் பனியிலும் படகிலும் தூக்கி வந்தார்கள். செப்டம்பரில் ஒரு புயலில் எட்டுப் பேரோடு ஒரு படகு காணாமல் போனது. இன்னொன்று தலைமை எஞ்சினியர் மெல்வில்லோடு பத்திரமாகக் கரை சேர்ந்தது. டி லாங்கின் படகில் வந்த 14 பேர் சைபீரியாவின் லேனா ஆற்றுக் கழிமுகத்தில் இறங்கி, இனி சுமக்க முடியாது என்ற இடத்தில் புத்தகங்களைப் புதைத்து, கம்பு நட்டு அடையாளம் வைத்துவிட்டு நடந்தார்கள். உதவி தேடி முன்னால் அனுப்பப்பட்ட இரண்டு பேர் பிழைத்தார்கள். மற்றவர்கள் பசியாலும் குளிராலும் ஒவ்வொருவராகச் செத்தார்கள். டி லாங்கின் டைரி அக்டோபர் 30-ல் நிற்கிறது, கப்பல் போய் 140-வது நாள். நவம்பரில் மெல்வில் திரும்பி வந்து அந்த லாக்புக்குகளைத் தோண்டி எடுத்தார். 33 பேரில் மிஞ்சியது 13 பேர்.

இனி வருவதுதான் எனக்கு இன்னும் வியப்பாக இருக்கிறது. 1884-ல் கிரீன்லாந்தின் தென்மேற்குக் கரையில், ஜூலியானஹாப் என்ற ஊர் அருகே, ஒரு பனிப்பாளத்தின் மேல் சில பொருள்கள் கிடைத்தன. டி லாங் கையெழுத்திட்ட உணவுப் பட்டியல், படகுகளின் பட்டியல், அப்புறம் ‘லூயிஸ் நோரஸ்’ என்று பேர் எழுதிய ஒரு எண்ணெய்த் துணிக் கால்சட்டை. சைபீரியாவுக்கு வடக்கே மூழ்கிய கப்பலின் சாமான், ஆர்க்டிக்கின் குறுக்கே பயணம் செய்து மறுபுறம் வந்திருக்கிறது. உதவி தேடிப் போய்ப் பிழைத்த இருவரில் ஒருவர்தான் அந்த நோரஸ்.

இதைப் பற்றி நார்வேயின் வானிலை அறிஞர் ஹென்ரிக் மோன் எழுதியதைப் படித்த அதே நாட்டு ஆய்வுப் பயணி ஃபிரிட்ஜாஃப் நான்சென், கால்சட்டை வந்த வழியில் கப்பலும் வருமே என்று யோசித்தார். பனி நெருக்கினால் நசுங்காமல் மேலே எழும்பும்படி அடிப்பாகம் உருண்ட ‘ஃப்ராம்’ கப்பலைக் கட்டி, 1893-ல் வேண்டுமென்றே பனியில் சிக்கவைத்தார். 1896-ல் அது ஸ்பிட்ஸ்பெர்கன் பக்கம் வெளியே வந்தது. 13 பேரும் உயிரோடு ஊர் திரும்பினார்கள். திறந்த கடல் என்ற தப்பான கணக்கு அதோடு முடிந்தது. பனி காற்றடிக்கும் திசையில் நேராகப் போகாமல் வலப்பக்கம் ஒதுங்குவதையும் அந்தப் பயணத்தில்தான் கவனித்தார்கள். பூமியின் சுழற்சியை வைத்து சுவீடன் நாட்டுக் கடலியல் அறிஞர் எக்மன் அதற்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தார். 2019-ல் ஜெர்மனியின் ‘போலார்ஸ்டெர்ன்’ கப்பலும் நான்சென் வழியிலேயே பனியோடு மிதந்தது.

இப்போது லாக்புக்குக்கு வருகிறேன். ஜெனெட்டில் மணிக்கு ஒருமுறை காற்று, காற்றழுத்தம், வெப்பம், பனியின் நிலை எல்லாம் எழுதியிருக்கிறார்கள். சில வருஷங்களுக்கு முன் பல நாட்டுத் தன்னார்வலர்கள் இதையும், இதுபோன்ற பழைய கப்பல்களின் லாக்புக்குகளையும் பக்கம் பக்கமாகப் படியெடுத்துக் கணினியில் ஏற்றினார்கள். அந்தக் காலத்து வானிலையைத் திரும்பக் கட்டிப் பார்க்க இன்று அவை உதவுகின்றன. திமிங்கில வேட்டைக்காரர் குறிப்பு, டேனிஷ் பனி வரைபடம், ரஷ்யர்களின் விமானக் கண்காணிப்பு எல்லாவற்றையும் சேர்த்து 1850 வரை பின்னோக்கிப் போய்விட்டார்கள். அந்தப் பட்டியலில் எங்குமே இந்த நூற்றாண்டின் கோடைகளைப் போலப் பனி குறைந்த காலம் கிடையாது. உன் கேள்விக்கு என் பதில் இதுதான்.

செயற்கைக்கோள் கணக்கு 1978 கடைசியில் தொடங்குகிறது. 1980-களில் செப்டம்பர் மாதம் மிஞ்சும் பனி சுமார் 70 லட்சம் சதுர கிலோமீட்டர், ஏறக்குறைய இரண்டு இந்தியா. 2012-ல் 34 லட்சம், ஒரு இந்தியா. அதற்கும் கீழே பிறகு போகவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் 2007 முதல் 2025 வரையிலான 19 வருஷங்கள்தான் கணக்கிலேயே மிகக் குறைந்த 19. பரப்பைவிட வயது இன்னும் மோசம். 1985 மார்ச்சில் பனியில் மூன்றில் ஒரு பங்கு நான்கு வருஷத்துக்கு மேல் பழையது. இப்போது நூற்றுக்கு ஐந்துகூட இல்லை. மிதக்கிற பனி உருகினால் கடல் மட்டம் ஏறாது என்று நீ எழுதியது சரிதான். என் கவலை வேறு, எங்கள் மாடிச் சுண்ணாம்புதான். பனி மூடிய கடல் வெயிலில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். பனி போன இடத்தில் கறுத்துக் கிடக்கிற கடல் நீர் கிட்டத்தட்ட முழுவதையும் விழுங்கும். சுண்ணாம்பு உதிர உதிரக் கீழே சூடு ஏறுகிறது, சூடு ஏற ஏற இன்னும் உதிர்கிறது.

உனக்குப் பிடித்த மாதிரி ஒரு செய்தி. 2014-ல் ஸ்பிட்ஸ்பெர்கன் அடங்கிய ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தில் கடலுக்கடியில் இந்தியா போட்ட ‘இண்ட்ஆர்க்’ என்ற அளவைக் கருவித் தொகுதியை உருவாக்கியதில், நம்ம சென்னை பள்ளிக்கரணையில் இருக்கிற தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்துக்குப் பங்கு உண்டு.

நீ செகண்ட் ஆபீசராக இருந்தபோது ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை வாளியை இறக்கித் தண்ணீர் மொண்டு சூடு பார்த்து எழுதுவாயே, ‘இதை யார் படிக்கப்போகிறார்கள்’ என்று எனக்கு ஏடனிலிருந்து எழுதியது ஞாபகம் இருக்கிறதா? அப்படி எழுதியவைதான் இன்று கடல் வெப்பநிலைக் கணக்கில் சேர்ந்திருக்கின்றன. உன் பழைய குறிப்பு நோட்டுகள் பரணில் இருந்தால் எலி கடிக்கும் முன் எடுத்து வை. கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் நானும் வசந்தாவும் தூத்துக்குடி வருகிறோம். இரண்டு பேரும் உட்கார்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
ராமசாமி
பாளையங்கோட்டை