கடிதம் வரவில்லை என்று எழுதாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். போன மாத மாணவர் இதழில், "மாணவர்களிடமிருந்து கடிதமே வருவதில்லை, அதனால் வாசகர் பக்கத்தைக் குறைத்துவிட்டோம்" என்று எழுதியிருந்தீர்கள். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. கடிதம் வருகிறது ஐயா. நான் அனுப்பியிருக்கிறேன், என் வகுப்புத் தோழிகளும் அனுப்பியிருக்கிறார்கள்.

போன வருடம் எங்கள் பள்ளி நூலகம் பற்றி எழுதினேன். முதல் பத்தியில் நூலகருக்கு நன்றி, அடுத்ததில்தான் விஷயம். தமிழ்ப் புத்தகங்கள் கடைசி அலமாரியின் அடித்தட்டில் இருக்கின்றன, முன்னால் உடைந்த நாற்காலிகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள், அதை இழுத்துப் போட்டுவிட்டுக் குனிந்தால்தான் புத்தகத்தின் பெயரே தெரியும், பாதிக்கு அட்டை கழன்றுவிட்டது, புதிது எப்போது வாங்குவார்கள் என்று கேட்டிருந்தேன். நீங்கள் போட்டது முதல் பத்தியை மட்டும். 'நூலகத்துக்கு நன்றி' என்று தலைப்பு வேறு, கீழே என் பெயர். "எதுக்குடி இப்படி ஐஸ் வைக்கிற?" என்று தோழி கேட்டபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அதற்கு முன்பு தம்பிக்காக எழுதினேன். அவன் பள்ளியில் தமிழ் இல்லை, பள்ளி முடிந்து, இங்கே சிங்கப்பூரில் அப்படிப்பட்ட பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித்தரும் உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையத்துக்குப் போகிறான். தமிழ் வகுப்பு நாளிலேயே பள்ளியில் விளையாட்டு, இசை போன்ற இணைப்பாட நடவடிக்கையும் வைத்தால் அவனைப் போன்ற பிள்ளைகள் எதை விடுவது? அந்தக் கடிதம் கிடைத்தது என்றுகூட ஒரு வரி வரவில்லை.

எங்களுக்கு எழுத வராது என்றும் சொல்ல முடியாது. சாதாரண நிலை (ஓ லெவல்) தேர்வுக்காக வகுப்பில் அலுவல் மின்னஞ்சல் எழுதிப் பழகிக்கொண்டேதான் இருக்கிறோம். இல்லாத குறையைக் கற்பனையாக எழுதினால் மதிப்பெண் கிடைக்கிறது, உண்மையான குறையை எழுதினால் வெட்டிவிடுகிறீர்கள். இங்குள்ள ஆங்கில நாளிதழ்களில் வாசகர் கடிதத்துக்கு அரசாங்க அமைப்புகளே பெயரும் பதவியும் போட்டுப் பதில் எழுதுகின்றன. 1935-இல் தமிழ் முரசு நாளிதழைத் தொடங்கிய கோ. சாரங்கபாணி, 1950களில் அதில் மாணவர் மணிமன்றம் என்று பள்ளிப் பிள்ளைகளுக்கே இடம் கொடுத்ததும், அதில் எழுதிப் பழகியவர்கள் பிறகு எழுத்தாளர்களானதும் உங்களுக்குத் தெரியாததா? எங்களுக்கும் அந்த இடம் வேண்டும் என்று கேட்பது தப்பா?

சரி, நான் கேட்பது இவ்வளவுதான். கடிதம் கிடைத்தால் ஒரு வரி பதில் போடுங்கள். இடம் போதாது என்றால் எத்தனை சொல்லுக்குள் வேண்டும் என்று சொல்லுங்கள், நாங்களே சுருக்கித் தருகிறோம். எங்கள் பெயரைப் போடுவதாக இருந்தால், வெட்டிய பிறகு எங்களிடம் ஒருமுறை காட்டிவிட்டுப் போடுங்கள். அப்புறம், அந்த நூலகக் கடிதத்தை இத்துடன் மறுபடியும் அனுப்பியிருக்கிறேன். இரண்டாம் பத்தியை அடுத்த இதழில் போடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உயர்நிலை 4 மாணவி