மாமியோடு ஆர்னெமுக்குப் போய் வா, மகள்

அன்பு மகளுக்கு,

மாமி செப்டம்பரில், இரண்டாம் உலக யுத்தத்தில் தன் அப்பா பரசூட்டில் குதித்த நெதர்லாந்து ஊரான ஆர்னெமுக்குப் போகிறார், உன்னையும் கூப்பிடுகிறார், போகவா விடவா என்று கேட்டிருந்தாய். போய் வா.

உன் தயக்கம் எனக்கு விளங்குகிறது. ஹெலிச் சத்தம் கேட்டதும் அம்மா உன்னைக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டுப் பின்னாலேயே ஊர்ந்து வந்த காலத்தில் உனக்கு 5 வயது. வானத்தால் வந்தது எதுவும் நமக்கு நல்லதாக வந்ததில்லை. சீருடைக்காரரின் படத்தைச் சுவரில் மாட்டியிருக்கிற வீட்டுக்கு நீ மருமகளாகப் போனபோது எனக்கும் நெஞ்சுக்குள் என்னவோ செய்தது.

மாமி வாட்ஸ்அப்பில் அனுப்பிய அந்தப் படத்தை நேற்றுப் பெரிதாக்கிப் பார்த்தேன். 22 வயதுப் பொடியன். தொப்பி ஒரு காதுப் பக்கம் சரிந்திருக்கிறது. சட்டைக் கை நீளம், விரல் நுனிதான் தெரிகிறது.

அப்புறம் அந்தச் சண்டையைத் தேடி வாசித்தேன். 1944 செப்டம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. பிரிட்டிஷ் படை ஜேர்மன்காரரிடமிருந்து பிடிக்க வேண்டியது ரைன் ஆற்றுப் பாலம். ஆட்களை இறக்கியதோ சுமார் 10 கிலோமீட்டர் தள்ளி. பாலத்தின் வடக்கு முனைக்குப் போய்ச் சேர்ந்தது ஜோன் புரொஸ்ட் என்ற தளபதியும் 700 சொச்சம் பேரும்தான். இரண்டு நாளில் வரும் என்ற தரைப்படை வரவில்லை. 21ஆம் திகதி விடியும்வரை அங்கேயே நின்றார்கள். மேற்கே ஊஸ்டர்பேக்கில் மாட்டிக்கொண்டவர்கள் 25ஆம் திகதி இரவு கொட்டும் மழையில் படகேறி ஆற்றைக் கடந்தார்கள். போன 10,000 பேருக்கு மேற்பட்டவர்களில் திரும்பியது 2,400 பேர் அளவில். மாமியின் அப்பா அவர்களில் ஒருவர்.

அவர் வீட்டில் அதைப் பற்றி வாய் திறந்ததில்லை, இரவில் மழை பெய்தால் எழும்பிக் கதவடியில் நிற்பார் என்று மாமி உன்னிடம் சொன்னாரே, அதை நான் நம்புகிறேன். உன் அப்பப்பாவும் அதே யுத்தத்தைக் கண்டவர். 1942 ஏப்ரல் 9, ஜப்பான் விமானங்கள் நம் கடலில் ஹேர்மிஸ் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலை மூழ்கடித்தபோது கல்லடியில் கரைவலை இழுத்துக்கொண்டு நின்றார். அதில் 307 பேர் போனார்கள். கேட்டால், "புகை தெரிந்தது" என்பார். அதற்கு மேல் ஒரு சொல் வராது.

ஆடி அமாவாசைக்கு மாமாங்கக் கோயிலில் நான் அவருக்குப் பிதிர்க்கடன் செய்கிறேன். அந்தச் சண்டையில் செத்தவர்களைப் புதைத்த ஊஸ்டர்பேக் மயானத்துக்கு மாமி போவதையும் அப்படித்தான் பார்க்கிறேன், தகப்பனுக்கு மகள் செய்கிற கடமையாக. அவருடைய அப்பா அங்கே யாருடைய கல்லறையில் அதிக நேரம் நிற்பார் என்று கேட்டு எழுது. அடுத்த ஆடிக்கு அந்தப் பெயரையும் சேர்த்துச் சொல்கிறேன்.

அங்கே பள்ளிப் பிள்ளைகள் வருடா வருடம் ஒவ்வொரு கல்லறைக்கும் பூ வைக்கிறார்கள், 1945இல் தொடங்கிய வழக்கம். சின்னவனும் பார்க்கட்டும். மாமி அழுதால் கையைப் பிடித்துக்கொள், எதுவும் கேட்காதே. பெயர் எழுதிய ஒரு கல் முன்னால் நின்று அழக்கூட இடம் கிடைக்காத தாய்மார் நம் ஊரில் எத்தனை பேர் என்று பார்த்து வளர்ந்தவள் நீ. மாமிக்குப் பக்கத்தில் நிற்க உன்னைவிடப் பொருத்தமான ஆள் யார்?

சின்னவனுக்குக் குளிர்ச்சட்டை மறக்காதே. டிக்கெற்றுக்குக் காசு முடையென்றால் கூச்சப்படாமல் சொல், வயல் காசு இந்த மாதம் கைக்கு வரும். மாமிக்கு என் வணக்கத்தைச் சொல்லு.

அன்புடன்,
அப்பா
கல்லடி, மட்டக்களப்பு